முதுமையும் இரத்தத்தின் அளவும்

60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 4 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் பாதிக்குச் சற்று மேற்பட்டது பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி. நோயற்ற முதியோரிடத்தும் இரத்தத்தின் அளவு சிறிது குறைதல் உண்டு. உடற்பயிற்சி செய்து பழகியவர்களிடம் இக்குறைவு அவ்வளவாகத் தென்படுவதில்லை.

ஆயினும் நாம் கருத வேண்டியது மற்றொன்று உண்டு. முதுமையில் தாக உணர்ச்சி மங்குகிறது. நீரைச் சேமித்து வைக்கும் சிறுநீரகத்தின் ஆற்றலும் தளர்கிறது. ஆகவே, இழந்த நீர் விரைவில் ஈடாவதில்லை. நாம் எழுந்து நிற்கையில் ஏறத்தாழ அரை லிட்டர் இரத்தம் இடுப்புக்குக் கீழே இறங்குகிறது. நீர் குறைந்த உடல் அதைத் தாங்காது; தலை சுற்றும், விழவும் நேரும்.

டில்லியின் வறண்ட கோடைக் காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் நீரிழப்பு புலப்படுவதில்லை. ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கும் பெற்றோர் தாகமில்லை என்றாலும், வேளைதோறும் நீரோ மோரோ அளிப்போமாக. இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு மட்டும் அதன் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.