மைசூர்ப் பல்கலைக் கழகத்தில் பட்டப் படிப்பு வகைகளும் மாணவர் சேர்க்கையும்

பல்கலைக் கழகம் என்றதும் ஆராய்ச்சியும் பட்டப் படிப்பும் ஒரே வளாகத்தில் நடைபெறுவதாகப் பலர் எண்ணுவர். மைசூரில் நிலைமை வேறு.

மைசூர்ப் பல்கலைக் கழகம் 1916ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், திவான் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் தோன்றியது. மைசூர் மகாராஜா கல்லூரியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும் அதன் முதல் உறுப்புகள். 1960இல் மானசகங்கோத்திரி வளாகம் உருவானது. முதுநிலைப் படிப்பும் ஆராய்ச்சியும் அங்கே நிலைபெற்றன. பட்டப் படிப்போ கல்லூரிகளிலேயே தங்கியது. மகாராஜா கல்லூரி கலைப் பாடங்களுக்கும், யுவராஜா கல்லூரி விஞ்ஞானத்திற்கும் பெயர் பெற்றவை.

படிப்பின் வகைகள்

கலை, விஞ்ஞானம், வணிகம் ஆகிய மூன்றும் பழைய பிரிவுகள். நிர்வாகவியலும் கணிப்பொறிப் பயன்பாடும் பின்னர்ச் சேர்ந்தவை. விஞ்ஞானப் பட்டத்தில் மூன்று பாடங்களை இணைத்துப் பயில்வது நெடுநாளைய வழக்கம். பௌதிகம், இரசாயனம், கணிதம் என்பது ஓர் இணைப்பு. இரசாயனம், தாவரவியல், விலங்கியல் என்பது மற்றொன்று. பின்னதைத் தேர்ந்த மாணவனுக்குப் பௌதிக முதுநிலைப் படிப்பின் கதவு அடைபடுகிறது. ஆகவே, பள்ளி இறுதியிலேயே ஆசிரியர் கூறும் அறிவுரை மாணவனின் எதிர்காலத்தை நிர்ணயிக்கிறது.

கர்நாடகத்தில் 2021இல் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் புகுத்தப்பட்டது. 2024இல் அம்மாநில அரசு மூன்றாண்டுப் பட்டத்திற்கே திரும்பியது.

ஆசிரியப் பணியை நாடுவோருக்கு வேறொரு வழியும் உண்டு. 1963இல் மைசூரில் நிறுவப்பட்ட மண்டலக் கல்விக் கல்லூரி, இன்று மண்டலக் கல்வி நிறுவனம் எனப்படுகிறது. பாட அறிவையும் ஆசிரியப் பயிற்சியையும் நான்கு ஆண்டுகளில் ஒருங்கே அளிக்கும் முறைக்கு அது முன்னோடி. தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களின் மாணவர்கள் அங்கே பயில்கின்றனர். மூன்றாண்டுப் பட்டமும் இரண்டாண்டு ஆசிரியப் பயிற்சியும் தனித்தனியே பெறுவோருக்கு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மிஞ்சும் ஓராண்டு ஏழைக் குடும்பத்திற்குச் சிறிதன்று.

எண்களைக் காணும் முறை

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர் கல்விக் கணக்கெடுப்பின்படி, மாணவர் தொகை சுமார் 4.33 கோடி. அவர்களில் நூற்றுக்கு 79 பேர் பட்டப் படிப்பில் இருந்தனர். பட்டப் படிப்பினருள் கலைப் பிரிவில் 34.2 சதவீதமும், விஞ்ஞானத்தில் 14.8 சதவீதமும், வணிகத்தில் 13.3 சதவீதமும் பயின்றனர். பட்டப் படிப்பு முதல் ஆராய்ச்சிப் படிப்பு வரை விஞ்ஞானம் பயின்ற 57.2 லட்சம் பேரில் 29.8 லட்சம் பேர் பெண்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தகைய எண்களை ஒப்பிடுகையில் எச்சரிக்கை தேவை. ஆண்டுதோறும் 100 பேர் சேரும் மூன்றாண்டுப் படிப்பில், ஒருவரும் இடையில் நிற்காவிடில், மொத்தம் 300 பேர் இருப்பர். நான்காண்டுப் படிப்பில் 400 பேர் இருப்பர். சேர்க்கை கூடவில்லை, காலமே நீண்டது. ஆகவே, புதிதாகச் சேர்ந்தோர் தொகையையும் மொத்தத் தொகையையும் பிரித்தே நோக்க வேண்டும். பட்டம் பெற்று வெளியேறுவோர் தொகையையும் அறிந்தால்தான் இடையில் நின்றோர் எத்தனை பேர் என்பது புலனாகும்.

கல்லூரி மாணவன் ஆராய்ச்சிக் கூடத்தைக் காணாமலே பட்டம் பெறுவது இவ்வமைப்பின் பெருங்குறை. மானசகங்கோத்திரிக்கும் கல்லூரிகளுக்கும் இடையே உள்ள தூரம் சிறிது. அதைக் கடக்கும் வாய்ப்பை மாணவனுக்கு அளிப்பதே செய்யத் தக்கது.