மூன்று துப்பாக்கியில் எது போகும்?

2019 டிசம்பர் 13. இந்தியாவில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த பல வீடுகளில் கணக்குப் போடும் வேலை அன்று ஆரம்பித்தது. ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த நாள் அது. 1983-ல் கொண்டுவந்த விதிப்படி ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம். புதிய திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. நவம்பர் 29 அன்று மக்களவையில் அறிமுகமான மசோதாவில் 'ஆளுக்கு ஒன்று' என்றுதான் இருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அது இரண்டாயிற்று. கூடுதலாக இருப்பதை ஓராண்டுக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும் என்று கெடு விதித்தார்கள்.

கெடு போய்விட்டது, கேள்வி போகவில்லை. லைசென்ஸ்தாரருக்கு வயதாகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். மருத்துவச் செலவுக்கோ வீடு கட்டவோ பணம் தேவைப்படுகிறது. பீரோவில் பூட்டிக் கிடப்பதில் எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது? பலரும் யோசிக்காமலே சொல்லும் பதில் ஒன்று உண்டு: 'விலை உயர்ந்ததை வைத்துக்கொள், மட்டமானதைத் தள்ளிவிடு.' இந்தியத் துப்பாக்கிச் சந்தையைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறான பதில்.

வெளிநாட்டுச் சரக்கின் மவுசு

கெடுவுக்கு முன் மூன்று வைத்திருந்த ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொள்வோம். தாத்தா வாங்கிய இங்கிலாந்துத் தயாரிப்பான 12 போர் டபுள் பேரல், அப்பா வாங்கிய இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள், பாதுகாப்புக்கென்று வந்து சேர்ந்த வெப்லி அண்ட் ஸ்காட் .32 ரிவால்வர். ஆக மூன்று.

மூன்றில் சந்தைக்குப் போனால் கைக்குக் கை பறப்பது ரிவால்வர்தான். 1980-களில் தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வது ஏறக்குறைய நின்றுபோனது. விளையாட்டு வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. எனவே அதற்கு முன்பு நாட்டுக்குள் வந்த வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகள்தான் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. உள்ளூர்த் தயாரிப்பும் மலிவில்லை. கான்பூர் தொழிற்சாலை 2014-ல் பெண்களுக்கென்று கொண்டுவந்த 'நிர்பீக்' .32 ரிவால்வரே ஒரு லட்சத்தைத் தாண்டித்தான் விற்பனைக்கு வந்தது. பழைய வெப்லிக்கு அதைவிடப் பல மடங்கு கேட்பார்கள். அது பல மடங்கு நன்றாகச் சுடும் என்பதற்காக அல்ல. வெளிநாட்டிலிருந்து புதிதாக வர வழியில்லை என்பதால் ஏறிய விலை அது.

இறக்குமதித் தடையால் உண்டான விலை, அந்தத் தடை இருக்கும்வரைதான் நிற்கும். பணத்துக்காக விற்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: என் துப்பாக்கியின் விலையில் அதன் வேலைப்பாட்டுக்கு எவ்வளவு, கவர்ன்மென்ட் கதவைச் சாத்தியதால் வந்தது எவ்வளவு?

முன்கட்டையைக் கழற்றிப் பாருங்கள்

டபுள் பேரலின் கதை வேறு. இங்கிலாந்துத் தயாரிப்பு என்றாலே தங்கம் என்று நினைப்பவர்கள் அதைக் கழற்றிப் பார்ப்பதே இல்லை.

தோட்டா உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே எடுத்துத் திருப்பினால், அடிப்பக்கத்தின் தட்டையான இடத்தில் சிறு சிறு முத்திரைகள் தெரியும். லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைச்சாலையில் அதிக அழுத்தத்தில் வெடித்துப் பார்த்து, தாங்கியதற்கு அத்தாட்சியாகக் குத்தியவை அவை. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. 'என்பி' என்ற எழுத்துகள் இருந்தால் இன்றைய புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். அது இல்லாவிட்டால் கருமருந்துக் காலத்துத் துப்பாக்கியாக இருக்கலாம். குழல் மேல் அலை அலையாகக் கோடு ஓடும் டமாஸ்கஸ் வகை என்றால் இன்னும் கவனம் வேண்டும். இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த குழல் அது. கண்ணுக்கு அழகு, நவீனத் தோட்டாவைப் போட்டால் கைக்கு ஆபத்து.

சாய்சதுரத்துக்குள் '12' என்ற எண்ணும் 'சி' என்ற எழுத்தும் இருந்தால், அந்தக் காலத்துச் சாதாரண நீள அறை. பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் அது இரண்டரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 65 மி.மீ. இன்று கடையில் கிடைக்கும் தோட்டாக்களில் பல 70 மி.மீ. அறைக்கானவை. உள்ளே போய்விடும், மூடிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யும். ஆனால் தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

அடுத்தது ஓசை. தனியே எடுத்த குழல்களை அடிக்கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, மரக்குச்சியால் மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள் பழைய துப்பாக்கிக் கடைக்காரர்கள். கோயில் மணிபோலக் கணீரென்று ஒலித்தால் இரண்டு குழல்களையும் சேர்த்திருக்கும் பற்றவைப்பு உறுதியாக இருக்கிறது. 'டொக்' என்று அடங்கிப்போனால் பற்று விட்டிருக்கிறது. பிறகு குழலை மாட்டி, முன்கட்டை இல்லாமல் பிடியைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்ப்பார்கள். கீல் மூட்டில் ஆட்டம் தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேச வாங்குபவருக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

இந்தச் சோதனைகளில் தேறிய துப்பாக்கி என்றால் அதை மெருகேற்றிப் பளபளப்பாக்கிவிட்டு விற்கலாம் என்று தோன்றும். கூடாது. குழலின் பழைய கருநீலப் பூச்சும் கட்டையில் கை பட்டுப் பட்டு வந்த வழவழப்பும் அசலாக இருந்தால்தான் விஷயம் தெரிந்தவர் விலை தருவார். தோல்பெட்டி, தயாரிப்பாளரின் சீட்டு, பழைய ரசீது எதையும் தூக்கிப் போடக் கூடாது. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பர்டி போன்ற நிறுவனங்கள் பழைய பதிவேடுகளை இன்றும் வைத்திருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்தால் எந்த ஆண்டு, யாருக்காகச் செய்தது என்று தெரிந்துகொள்ளலாம். 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளித்த .275 ரிக்பி ரைஃபிள் புகழ்பெற்றதற்குக் காரணம் இரும்பு அல்ல, அதன் கட்டையில் பதித்த வெள்ளித் தகடு சொல்லும் கதை. 2015-ல் ரிக்பி நிறுவனமே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

தோட்டா கிடைக்குமா?

மூன்றாவது, .315 ரைஃபிள். உள்நாட்டுத் தயாரிப்பு, நல்ல உழைப்பாளி, தோட்டாவும் இங்கேயே செய்கிறார்கள். குறை அதனிடம் இல்லை, காலத்திடம் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 1991 திருத்தத்தோடு வேட்டைக்கான கடைசி வாசலும் மூடிக்கொண்டது. வேட்டைக்கென்றே பிறந்த ரைஃபிளுக்கு இன்று செய்ய வேலை இல்லை. தோட்டத்தில் பன்றி புகுந்தாலும் இஷ்டத்துக்குச் சுட முடியாது. வெடிச்சத்தம் எழுப்பி விரட்டத்தான் ஆகும், அதற்கு 12 போர் போதும்.

அதனால்தான் விற்பனைக்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதற்குத் தோட்டா கிடைக்குமா? இதற்கு இன்றைக்கு என்ன வேலை? எனக்குப் பின் இதை யார் வாங்கிக்கொள்வார்கள்?

வாரிசு யார்?

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலான வீடுகளில் கேட்பதில்லை. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரர் இறந்த பிறகுதான் என்றில்லை. அவருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். ஆனால் வாரிசு தன் பெயரில் விண்ணப்பித்து, பயிற்சிச் சான்று காட்டி, போலீஸ் விசாரணைக்கு உட்பட வேண்டும். பரம்பரைச் சொத்து என்றாலும் இரண்டுக்கு மேல் கூடாது என்பதையும் 2019 திருத்தம் எழுதியே வைத்துவிட்டது.

இங்கேதான் வீட்டுப் பேச்சு சூடாகும். "தாத்தா துப்பாக்கியை விக்கக் கூடாதுப்பா" என்பான் வெளிநாட்டில் இருக்கும் மகன். "அப்போ லைசென்ஸுக்கு நீ வந்து அலையுறியாடா?" என்று அப்பா கேட்டால் போனில் பதில் வராது. என்.சி.சி.யில் சுடக் கற்ற மகள் பக்கத்திலேயே இருப்பாள், அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சட்டத்துக்கு மகன், மகள் பேதம் கிடையாது.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். இத்தனை அலைச்சலுக்குத் தயாரான ஆள் குடும்பத்தில் இல்லையென்றால், அந்தத் துப்பாக்கி பரம்பரைச் சொத்து ஆகாது, பின்னால் வருகிறவர்களுக்குத் தலைவலிதான். குடகில் நிலைமை வேறு: குடவர்களுக்கு லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு, 2019-ல் அதைப் பத்தாண்டுக்கு நீட்டித்தார்கள். கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்து வணங்கும் அந்த வீடுகளில் அடுத்த கை எது என்ற குழப்பம் இல்லை. நம் வீடுகளில் அதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

விற்கும் வழி

விற்பது என்று முடிவானால் அவசரம் காட்டக் கூடாது. வாங்குபவரிடம் அந்த வகைத் துப்பாக்கிக்கு இடமுள்ள செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். விற்கும் எண்ணத்தை மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து, குறைந்தது 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்றலாம். பணம் நாளைக்கே வேண்டும் என்ற நிலையில் கடைக்காரரிடம் போனால் அவர் சொன்னதுதான் விலை. கெடு விதித்த ஆண்டில் விற்க வந்தவர்கள் கூட்டமாகவும் வாங்க லைசென்ஸ் உள்ளவர்கள் சிலராகவும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெருக்கடி வருமுன் விற்பவருக்கே பேரம் பேச வாய் இருக்கும்.

அந்தக் கற்பனை வீட்டுக்கு என் தீர்ப்பு இது: ரிவால்வரை விற்க வேண்டும். தேவையும் விலையும் உச்சத்தில் இருக்கும் பொருளைத்தான் பணத்துக்காக விற்பது புத்திசாலித்தனம். ரைஃபிளையும் விற்றுவிடலாம், பெரிய தொகை வராது, பொறுப்பு குறையும். முத்திரையும் ஓசையும் சரியாக இருந்தால் தாத்தாவின் டபுள் பேரல் இருக்கட்டும். லைசென்ஸுக்கு அலையத் தயாரான மகள் பெயருக்கு அதை இப்போதே மாற்றக் கேட்கலாம். இரண்டு என்பது சட்டம் தரும் உச்சவரம்பு. இரண்டையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.