நயினார்குளம் முதல் கூந்தன்குளம் வரை

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய குளங்கள் தை மாதத்தில் தெளிந்து நிற்கும். தென்மாவட்டங்களில் பறவைகளைக் காண்பதற்கு இதைவிட ஏற்ற பருவம் வேறில்லை. திருநெல்வேலி நகரில் தொடங்கி, நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் முடியும் ஒரு பிற்பகல் போதும். வலசை என்னும் சொல்லின் பொருளைக் கண்ணாலேயே கண்டுவிடலாம்.

நகரத் தெருக்களிலேயே அக்காட்சி தொடங்கிவிடுகிறது. மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் தகைவிலான்களும், வாய்க்காலோரத்தில் வாலை அசைத்தபடி நடக்கும் மஞ்சள் வாலாட்டிகளும் வடக்கிலிருந்து வந்தவையே. நாள்தோறும் கண்ணில் படுவதால் பலர் அவற்றை உள்ளூர்ப் பறவைகள் என்றே எண்ணுகின்றனர். தோட்டத்துச் சருகுகளைக் கிளறி இரை தேடும் ஆறுமணிக்குருவி, இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைத் தெற்கே கழிக்கிறது. விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கூவுவதால் இப்பெயர் பெற்றது. இரவு முழுவதும் பறந்து களைத்து, வீட்டு முற்றத்தில் விழுந்து கிடக்கும் இக்குருவியைக் கண்டெடுத்தோர் உண்டு.

சத்திமுத்தப் புலவர் தம் வறுமையை மனைவியிடம் சொல்லுமாறு நாரையை வேண்டிய பாடலில், அது தென்திசை வந்து வடதிசை மீளும் பறவை என்பது தெளிவாகப் பதிவாகியுள்ளது. பாடலைக் கற்றோர் பலர். அந்தச் செங்கால் நாரையைக் கண்டோர் சிலரே.

நகரை ஒட்டிய நயினார்குளம் போன்ற பாசனக் குளங்களில் பிற்பகலில் மேற்குக் கரையில் நிற்பதே முறை. வெயில் முதுகுப்புறம் இருந்தால்தான் பறவையின் நிறம் துலங்கும். எதிர்வெயிலில் எல்லாப் பறவைகளும் கறுப்பாகவே தெரியும். கூட்டமாக இருக்கும் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதை மனத்தில் கொண்டு, அதே அளவில் கூட்டம் முழுவதையும் அளக்க வேண்டும்.

பறவைகள் நிற்கும் இடத்தை உற்று நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். விரலளவு உயரமே உள்ள கொசு உள்ளான், ஈரச் சேற்றைக் கொத்திக்கொண்டிருக்கும். அதற்கப்பால், முழங்கால் நனையும் நீரில், நீண்ட செங்கால்களையுடைய நெடுங்கால் உள்ளான் நிற்கும். இன்னும் சற்று ஆழத்தில் தட்டைவாயன் வாத்து, தன் அகன்ற அலகால் நீரைச் சலித்து நுண்ணுயிர்களை உண்ணும். ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து, வால் மட்டும் மேலே தெரிய அடியிலுள்ள விதைகளைத் தேடும். காலின் நீளமும் அலகின் வடிவுமே ஒவ்வொன்றின் இடத்தையும் வரையறுக்கின்றன. சரிவான கரையும் ஆழமற்ற விளிம்பும் உள்ள குளத்தில் இவை அனைத்திற்கும் இடமுண்டு. அழகுபடுத்துதல் என்ற பெயரில் கரையைச் செங்குத்தாக வெட்டிக் கற்சுவர் எழுப்பி, அடித்தளத்தை ஒரே ஆழமாக்கிவிட்டால் நீர் தளும்பும்; உள்ளான்களுக்கோ கால் வைக்க இடமிராது. நடைபாதையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அக்குளம் முன்னைவிட அழகாகவே தோன்றும் என்பதுதான் இதிலுள்ள இடர்.

2011 முதல் ஆண்டுதோறும் சனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பொங்கல் நாள்களில் தமிழகம் முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் மாணவரும் பங்கேற்கலாம்; ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று கண்டவற்றைப் பதிவுசெய்தால் போதும். ஒரு பறவையும் இல்லாத குளமும் பதிவுக்குரியதே. சென்ற ஆண்டு இருந்தவை இவ்வாண்டு இல்லை என்பதை வேறெவ்வாறு அறிவது?

கூந்தன்குளத்தை அடையும்போது வெயில் தணிந்திருக்கும். 1994-இல் பறவைகள் காப்பிடமாகவும், 2022-இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட ஊர் இது. அறிவிப்புகளுக்கு வெகுகாலம் முன்பே ஊரார் இப்பறவைகளைக் காத்து வந்தனர். வீட்டு வாசலிலுள்ள வேம்பிலும் புளியிலும் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. தீபாவளிக்கு இங்கு வெடி வெடிப்பதில்லை. பறவையின் எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. ஆயினும் ஊராரின் அன்பு மட்டும் போதாது. குஞ்சுகள் பறக்கப் பழகும்வரை குளத்தில் நீர் நிற்க வேண்டும். மழை பொய்த்து, மணிமுத்தாற்று நீரும் வாராத ஆண்டில் மீன் குறைந்து, இரையின்றிக் குஞ்சுகள் மடியும்.

கதிரவன் சாயும் வேளையில், தலையில் இரு கருவரிகளையுடைய வரித்தலை வாத்துகள் கழுத்தை உயர்த்திக் குரல் கொடுக்கும். மங்கோலியாவிலும் திபெத்திலும் பிறந்து, இமயத்தைக் கடந்து வருபவை இவை. 6,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறக்கவல்லவை. அங்குள்ள குறைந்த உயிர்வளியையும் இறுகப் பற்றும் இயல்பு இவற்றின் குருதிக்கு உண்டு. பகலெல்லாம் குளத்தில் ஓய்ந்திருந்தவை, இருட்டத் தொடங்கியதும் மேய்ச்சலுக்காக வயல்களை நோக்கி அணியணியாக எழும். அதே வேளையில் வயல்களிலிருந்து கொக்குகள் ஊர் மரங்களுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ ஆறேமுக்கால் மணிக்குமேல் குறிப்பேட்டில் எழுத வெளிச்சமிராது. வாத்துகளின் குரல் மட்டும் வயற்புறத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும்.