சைக்கிள் செயின் சறுக்குகிறதா? பர்ஸைத் திறக்குமுன் ஒரு நிமிடம்!

"அம்மா, மிதிச்சா பெடல் சறுக்குதும்மா!"

காலை எட்டு மணி. அடுப்பில் சாம்பார், இடுப்பில் சின்னவன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் வாசலில் நின்று இப்படிச் சொன்னபோது, "சாயங்காலம் பார்க்கலாம்டி, நேரமாச்சு, கிளம்பு" என்று அனுப்பிவிட்டேன். அரைமணி நேரத்தில் முகவாயில் ரத்தத்தோடு திரும்பி வந்தாள். ரயில்வே மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்திருக்கிறாள். செயின் 'டக்'கென்று நழுவ, கால் தவறி, ஹேண்டில் பார் மேலேயே விழுந்திருக்கிறாள். பின்னால் வந்த வேன்காரர் சட்டென்று பிரேக் போட்டதால் பிழைத்தாள்.

இத்தனைக்கும் பத்து நாள் முன்னால்தான் புதுச் செயின் வாங்கிப் போட்டிருந்தேன்! உறவுக்காரப் பையன் ஓட்டிய பழைய கியர் சைக்கிள் அது. 'கடகட'வென்று சத்தம் போட்டது. செயின் மாற்றினால் போதும், மற்றது எதற்கு வீண் செலவு என்று நானே சிக்கனக் கணக்குப் போட்டேன். அந்தச் சிக்கனம்தான் அவளைக் கீழே தள்ளியது என்பது பிறகுதான் புரிந்தது.

கடையில் கேட்டால், "முன் சக்கரப் பல், பின்னாடி ஃப்ரீவீல், எல்லாத்தையும் செட்டா மாத்தணும்மா" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. "வித்துடலாம், பஸ்ல போகட்டும்" என்றார் என் கணவர். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடியும் நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் ஏது? சைக்கிள் நின்றால் ஸ்பெஷல் கிளாஸும் நின்றுவிடும்.

அப்போதுதான் என் மாமியார் வாய் திறந்தார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களில் அவரும் ஒருவர். "ஏம்மா, வண்டிய நிறுத்துனா புள்ள படிப்பும் நிக்கும். என்ன தேஞ்சிருக்குன்னு பாக்காம எதுக்கு எல்லாத்தையும் மாத்தணும்?" என்று கேட்டவர், மார்க்கெட் பக்கம் இருக்கும் வயதான ஒரு மெக்கானிக்கிடம் எங்களை அழைத்துப் போனார். அந்தப் பெரியவர் சொல்லிக் கொடுத்ததையும், பிறகு நானே செய்து பார்த்துக் கற்றதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

செயின் ஏன் பல்லைத் தின்கிறது?

சைக்கிள் செயினில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே சரியாக அரை அங்குலம். பல்சக்கரத்தின் பற்களும் அதே இடைவெளியில் அமைந்தவை. ஓட ஓட, மண்ணும் புழுதியும் சேர்ந்து ஊசிகளை உள்ளுக்குள் அராவிவிடும். 'செயின் நீண்டுவிட்டது' என்கிறோமே, உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஊசி தேய்ந்து இடைவெளி கூடுகிறது. இடைவெளி கூடிய செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்கார்ந்து, பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துக்கொள்கிறது.

பழைய செயினும் பழைய பல்லும் ஒன்றுக்கொன்று பழகியவை. அதில் செயினை மட்டும் புதிதாக மாற்றினால் தேய்ந்த பல்லில் அது பிடிக்காமல் தாண்டும். என் வீட்டில் நடந்தது இதுதான். "செயினைக் காலத்துல மாத்தியிருந்தா செயினோட போயிருக்கும். விட்டதால ஃப்ரீவீலையும் தின்னுடுச்சு" என்றார் பெரியவர்.

முதலில் காசில்லாத வைத்தியம்

சறுக்குகிறது என்றாலே தேய்மானம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எப்போது சறுக்குகிறது என்று குழந்தையிடம் நிதானமாகக் கேளுங்கள். பாதி நோய் அதிலேயே தெரியும்.

* தானாகவே கியர் மாறுகிறதா? எல்லா கியரிலும் தடுமாறுகிறதா? கியர் ஒயர் தளர்ந்திருக்கலாம். பின்பக்கம் ஒயர் நுழையும் இடத்தில் சிறிய திருகு குமிழ் இருக்கும். பெரிய பல்லுக்கு ஏற மறுத்தால், இடப்பக்கமாக அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டு குட்டி ஸ்குரூக்களை மட்டும் தொடவே வேண்டாம்.

* மிதிக்கும்போது கணக்கு வைத்தாற்போல் அவ்வப்போது ஒரு துள்ளலா? ஒரு கண்ணி இறுகியிருக்கும். பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். மடங்காமல் முண்டிக்கொண்டு வரும் கண்ணி தெரியும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் பக்கவாட்டில் அசைத்தால் இளகிவிடும்.

* பெடல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டொக்' என்கிறதா? பெடல் தண்டு தளர்ந்திருக்கும். பழைய மாடல் சைக்கிளில் காட்டர் பின்னைப் பாருங்கள்.

* பிடிமானமே இல்லாமல் பெடல் முன்னோக்கிச் சும்மா சுற்றுகிறதா? ஃப்ரீவீலுக்குள் அழுக்கு அடைத்திருக்கலாம். மெல்லிய எண்ணெய் விட்டுச் சுற்றினால் சில சமயம் சரியாகும். ஆகாவிட்டால் சரியாகும்வரை ஓட்டக் கூடாது.

* குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும், அதுவும் அழுத்தி மிதிக்கும்போது மட்டும் தாண்டுகிறதா? அப்போதுதான் பல் தேய்மானத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

டேப் சொல்லும் உண்மை

வீட்டில் ஸ்டீல் டேப் இருக்கிறதா? தையல் டேப் வேண்டாம். அது நாளாவட்டத்தில் தானே நீண்டுவிடும்! செயினைத் துடைத்துவிட்டு, மேல்பக்கச் செயின் விறைப்பாக இருக்கும்படி பெடலை ஒருவர் லேசாக அழுத்திப் பிடிக்கட்டும். டேப்பின் 1 அங்குலக் கோட்டை ஓர் ஊசியின் நடுவில் வையுங்கள். நல்ல செயினாக இருந்தால் 13 அங்குலக் கோடு இன்னோர் ஊசியின் நடுவில் அச்சாக விழும். அதாவது 12 அங்குலத்தில் 24 இடைவெளி.

டேப்பில் ஓர் அங்குலத்துக்குள் 16 சிறு கோடுகள் இருக்கும் அல்லவா? ஊசி 13-ஐத் தாண்டி ஒரு சிறு கோடு தள்ளியிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். ஃப்ரீவீல் பெரும்பாலும் பிழைத்துவிடும். இரண்டு கோடு தள்ளியிருந்தால் ஃப்ரீவீலும் போயிருக்கும், சேர்த்துத்தான் மாற்ற வேண்டிவரும்.

அடுத்து, பற்களைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்திருந்தால் நல்ல பல். ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி மாதிரி வளைந்திருந்தால் தேய்ந்த பல். முன் சக்கரத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. புதுச் செயின் போட்டிருக்கும்போது, சக்கரத்தின் முன்முனையில் செயினைப் பிடித்து முன்னோக்கி இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரியும் அளவுக்குத் தூக்கினால்தான் முன் சக்கரம் மாற்றும் நிலையில் இருக்கிறது. பழைய செயினோடு செய்தால் செயின் தேய்மானமே ஏமாற்றிவிடும்.

எங்கள் சைக்கிளில் செயின் அசையவில்லை. முன் சக்கரம் நன்றாகவே இருந்தது! பின்னால் இருந்த ஆறு பல்சக்கரங்களிலும் நடுவில் ஒன்று மட்டும் கொக்கியாகியிருந்தது. முன்பு ஓட்டிய பையன் கியரே மாற்றாமல் ஒரே பல்லில் ஓட்டியிருக்கிறான். ஃப்ரீவீலை மட்டும் மாற்றினோம். நான் வாங்கிய புதுச் செயினும் வீணாகவில்லை. கேட்ட தொகையில் சிறு பங்கோடு வேலை முடிந்தது.

வாங்கும்போது கவனிக்க

ஃப்ரீவீலைக் கழற்றத் தனிக் கருவியும் நல்ல பலமும் வேண்டும். அதைக் கடையிலேயே செய்துகொள்ளுங்கள். செயினைத் துடைப்பது, அளப்பது, எண்ணெய் விடுவது நம் வேலை. பழையது எத்தனை அடுக்கோ அத்தனை அடுக்கே வாங்குங்கள். கியர் சைக்கிளுக்கு மெல்லிய செயின், சாதா சைக்கிளுக்கு அகலமான செயின். மாற்றிப் போடக் கூடாது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சாதா சைக்கிளில் செயின் தொய்ந்தால் 'ரெண்டு கண்ணி எடுத்துடலாம்' என்பார்கள். தொய்வு போகும், தேய்மானம் போகாது. தேய்ந்த செயின் பல்லைத் தின்றுகொண்டேதான் இருக்கும்.

இரண்டும் சேர்ந்தே தேய்ந்து, ஆனால் இன்னும் சறுக்காமல் ஓடுகிறதா? அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், பணம் சேர்த்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். சறுக்க ஆரம்பித்துவிட்டால் மட்டும் ஒரு நாள்கூட ஓட்ட விடாதீர்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை

பழைய துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்துச் செயினைத் துடையுங்கள். காய்ந்ததும் ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். கால்மணி கழித்து மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் ஊசிக்குள் இருந்தால் போதும், மேலே இருந்தால் புழுதிதான் ஒட்டும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுபிசுத்துவிடும். மழையில் நனைந்து வந்தால் அன்றே துடைத்து எண்ணெய் விடுங்கள். மேடு ஏறுமுன்பே பின்னால் பெரிய பல்லுக்கு மாற்றச் சொல்லிக் குழந்தையைப் பழக்குங்கள். காலுக்கும் சுகம், செயினுக்கும் ஆயுசு.

தாய்மார்களே, இதை மறக்காதீர்கள்!

சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் செயினைத் துடைக்கும்போது தவழும் குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள். நொடியில் பிஞ்சு விரல் செயினுக்கும் பல்லுக்கும் நடுவே சிக்கிவிடும். மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சைக்கிளிலிருந்து விழுந்து ஹேண்டில் பாரின் முனை வயிற்றில் குத்தியிருந்தால், வெளியே சிராய்ப்புகூட இல்லாவிட்டாலும் உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ அடிபட்டிருக்கலாம். வயிற்று வலி, வாந்தி, முகம் வெளுத்துச் சோர்வு, இவற்றில் எது இருந்தாலும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள்.

என் மகளின் முகவாயில் சின்னதாக ஒரு தழும்பு தங்கிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் "சாயங்காலம் பார்க்கலாம்டி" என்ற என் குரலே எனக்குக் கேட்கிறது. இப்போது மாதாமாதம் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் டேப் வெளியே வந்துவிடும். அளப்பது மகள், கோடு எண்ணுவது மாமியார், எண்ணெய் விடுவது நான்.

போன மாதம் ஊசி 13-க்கு அரைக் கோடு தள்ளியிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்மா" என்றாள் மகள். அடுப்படி உண்டியலில் செயினுக்காக இப்போதே காசு சேர ஆரம்பித்துவிட்டது!