இரும்புக்கு மறுவாழ்வு – 12: நேர்கோடு கெடாத வரை

சென்ற வாரம் கால்மிதி தையல் மெஷினைப் பார்த்தோம். இந்த வாரம் பார்க்கப்போவது நம் ஊர் வீடுகளில் காண முடியாத ஒரு கருவி. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி தோட்டாவாக்கும் கை பிரஸ் அது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவிலோ வேட்டைக்குப் போகிறவர்களும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களும் சொந்த உபயோகத்துக்கான தோட்டாக்களை வீட்டு மேசையிலேயே செய்துகொள்கிறார்கள். தாத்தா காலமானதும் அவருடைய பிரஸ் கராஜ் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். பிறகு ஒருநாள் பழைய சாமான் விற்பனைக்கு வரும்.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை: பித்தளைக் கூடு, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த அந்தக் கூடு மட்டும் முழுசாக மிஞ்சும். வெடித்த அழுத்தத்தில் அது துப்பாக்கி அறையின் சுவர் வரை விரிந்திருக்கும். அதைப் பழைய அளவுக்கு நெருக்கிக் கொண்டுவருவதுதான் பிரஸ்ஸின் முதல் வேலை.

வேலை செய்யும் முறை எளிமையானது. வார்ப்பிரும்புச் சட்டத்தின் உச்சியில் மரையிட்ட ஒரு துளை. அதில் டை என்கிற கெட்டி எஃகு அச்சைத் திருகி உட்கார வைப்பார்கள். கீழே ராம் என்கிற உருளைத் தண்டு. அதன் தலையில் கூட்டின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர். கைப்பிடியை அழுத்தினால் இணைப்புக் கைகள் நிமிர்ந்து ராமை மேலே தள்ளும். கைகள் நேராக நிமிர நிமிர விசை பெருகிக்கொண்டே போகும். அதனால்தான் ஒற்றைக் கையின் பலத்திலேயே பித்தளை வளைந்து கொடுக்கிறது.

இந்தக் கருவிக்கு நீண்ட பரம்பரை உண்டு. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஜான் பார்லோ 1884இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம், இடுக்கி வடிவிலான கைக்கருவியை வேட்டைக்காரர்களின் பைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1925இல் ஐடியலை லைமன் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பிறகு உலகப்போர் வந்தது. செம்பு முழுவதும் போருக்குப் போயிற்று; 1943இல் அமெரிக்க அரசு ஒரு சென்ட் நாணயத்தையே செம்பு இல்லாமல் எஃகில் அடித்தது. அதே 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன் ஆர்சிபிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். தூக்கி எறியப்பட்ட சின்னஞ்சிறு .22 தோட்டாக் கூடுகளையே புதிய குண்டுகளுக்கு மேலுறையாக மாற்றும் டைகளைச் செய்தார். ராக் சக் என்னும் மலை அணிலினத்தைச் சுடுகிறவர்களுக்காகச் செய்தவை அவை. பின்னாளில் வந்த ராக் சக்கர் பிரஸ்ஸிலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பஞ்ச காலத்தில் பழையதைப் புதிதாக்கப் பிறந்த தொழில் இது. இதன் பிரஸ்ஸையே துருவுக்குப் பறிகொடுப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

நான் செப்பனிட்டது ஹெர்ட்டர்ஸ் பிரஸ். மினசோட்டா மாநிலத்தின் வாசேக்கா ஊரிலிருந்து, தடித்த விலைப்பட்டியல் புத்தகம் வழியாக நாடு முழுக்க விற்ற நிறுவனம் அது. எடை போட்டால் இரும்புக்குக் கொஞ்சமும் கஞ்சத்தனம் காட்டாத கருவி. கைக்கு வந்தபோது ராம் பாதி தூரத்தில் இறுகி நின்றிருந்தது. கைப்பிடியில் தொங்கினாலும் அசையவில்லை.

ஏன் இப்படி இறுகுகிறது? இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் ஊதிப் பெருக்கிறது. ராமுக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே இருப்பது முடி அளவு இடைவெளி. அந்த இடுக்கில் துரு ஊதினால் ஆப்பு அடித்த மாதிரிதான். இந்த நேரத்தில் சுத்தியலை எடுக்கிறவர்கள்தான் பிரஸ்ஸைக் கொல்கிறார்கள். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. இணைப்புக் கைகளைத் தாங்கும் காதுகள் ஒரே அடியில் உடைந்துவிடும். வார்ப்பில் விழுந்த வெடிப்பைப் பற்றவைத்து ஒட்டினாலும் பழைய நம்பிக்கை வராது.

எண்ணெய் விடுவதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிரைமர் பொருத்தும் கையிலும் குழாயிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிக்காத பிரைமர் ஒன்று அங்கே பல வருடம் சிக்கிக் கிடக்கலாம். அது போய்விட்டது என்று உறுதியாகும் வரை சுத்தியல், தீ எதுவும் கிட்டே வரக்கூடாது. அடுத்து, பிரைமர் புகையில் ஈயம் உண்டு. பிரஸ்ஸின் அடிப்பகுதியில் படிந்த கறுப்புப் பொடி வெறும் அழுக்கு அல்ல. உலர்ந்த வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் அந்த ஈயம் மூச்சோடு உள்ளே போகும். கையுறை போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

பிறகு பொறுமைக்குத்தான் வேலை. துரு இளக்கும் எண்ணெயை ராமின் மேல் விளிம்பில் விட்டேன். ஊறியதும் மறுபடி விட்டேன். இடையிடையே மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினேன். நகர்த்துவதற்காக அல்ல, எண்ணெய் உள்ளே இறங்குவதற்காக. ஒருநாள் மாலை கீழ் விளிம்பில் செங்காவி நிறத்தில் ஒரு கசிவு தெரிந்தது. எண்ணெய் மறுபக்கம் வரை ஓடிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கைப்பிடியை அப்படியும் இப்படியும் ஆட்ட ஆட்ட, ராம் முனகிக்கொண்டே இறங்கியது.

பின்களைக் கழற்றினால் மொத்த பிரஸ்ஸும் ஒரு தட்டில் அடங்கும். எந்தப் பின் எந்தத் துளையில் இருந்தது என்று குறித்து வையுங்கள். கூடவே வந்த ஷெல் ஹோல்டரையும் தொலைத்துவிடாதீர்கள். பழைய ஹெர்ட்டர்ஸின் ஹோல்டர் தனி ரகம். இன்று கடையில் கிடைப்பது அதில் நேரடியாக உட்காராது.

சட்டத்தின் துருவுக்கு மின்சாரக் குளியல் நல்ல வழி. பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைச் சட்டத்திலும் நேர்முனையை வேண்டாத இரும்புத் துண்டிலும் மாட்ட வேண்டும். நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும். குரோம் பூசிய பாகங்களையும் தொட்டியில் போடக்கூடாது. குமிழி குமிழியாகக் கிளம்புவது ஹைட்ரஜன். அதனால் வேலை திறந்த வெளியில்தான், அருகில் நெருப்புப்பொறி இல்லாமல். ஸ்பிரிங்குகளை இதில் போடாதீர்கள், ஹைட்ரஜன் புகுந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். வெளியே எடுத்த சட்டம் கறுத்துப்போயிருக்கும். அந்தக் கறுப்பு, துணியிலேயே வந்துவிடும். கழுவியதும் ஈரம் போக உலர்த்தி உடனே எண்ணெய் பூச வேண்டும். அசந்தால் கண்ணெதிரே புதுத் துரு மஞ்சளாகப் பூக்கும்.

இனி சொல்லப்போவதுதான் இந்த வாரத்தின் சாரம். சட்டத்தின் வெளிப்பக்கத்தை எவ்வளவு தேய்த்தாலும் கெடுதல் இல்லை. ராமின் உடம்பிலும் அது ஓடும் துளையிலும் கை வைக்கும்போது மட்டும் மனசு நடுங்க வேண்டும். டை உட்காரும் துளையும் ராமின் நடுவும் ஒரே நேர்கோட்டில் இருப்பதுதான் பிரஸ்ஸின் உயிர். அந்தக் கோடு பிசகினால் கூடு கோணலாக ஏறும், குண்டு கோணலாக உட்காரும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு ராமை உப்புத்தாளில் உருட்டினால் துருவோடு நல்ல எஃகும் போய்விடும். அந்த இடத்தில் ஆட்டம் வந்துவிட்டால் திரும்பச் சேர்க்க வழியில்லை. மிக மெல்லிய இரும்புப் பஞ்சும் எண்ணெயும் போதும். துரு தின்ற குழிகள் அப்படியே இருக்கட்டும். குழியில் எண்ணெய் தங்கும், ராம் ஓடும்.

பூட்டி முடித்ததும் சோதனை. டையைத் திருகி, ராமை உச்சிக்கு ஏற்றி, ஷெல் ஹோல்டரும் டையின் அடியும் லேசாகத் தொடும்படி வைத்தேன். பின்னால் விளக்கைப் பிடித்தேன். பிறகு மெல்லிய தாள் துண்டை நான்கு பக்கமும் செருகி இழுத்துப் பார்த்தேன். நான்கு பக்கமும் ஒரே இறுக்கம். மேலே சாயம் போய், உடம்பெல்லாம் அம்மைத் தழும்புபோல் குழி விழுந்திருந்த அந்த பிரஸ், பட்டறையை விட்டு வந்த நாளின் நேர்கோட்டை இழக்காமல் வைத்திருந்தது. அதன் பிறகுதான் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். மரைக்கும் துளைகளுக்கும் நாடா ஒட்டி மறைத்துவிட்டுத்தான் அடித்தேன்.

உங்கள் வீட்டில் இந்த பிரஸ் இருக்காது. முறுக்குப் பிழியும் பழைய பித்தளை நாழியின் இரும்புத் திருகோ, தாத்தாவின் பட்டறை வைஸோ, கிணற்றடி உருளையோ இருக்கும். காயலான் கடைக்காரர் வாசலில் குரல் கொடுக்கும்போது அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறப் போடுங்கள். கிரைண்டரைக் கடைசி வரை எடுக்காதீர்கள். எந்தப் பாகம் எதன்மேல் உரசி ஓடுகிறது என்று பாருங்கள். அந்த இரண்டு பரப்புகளைக் காப்பாற்றிவிட்டால் மீதியெல்லாம் வெறும் அழுக்குதான், கழுவினால் போய்விடும்.

(தொடரும்)