பின்தொடை கிழிவது எப்போது?

இடுப்பெலும்பின் அடியிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை, பின்தொடையில் ஓடும் மூன்று தசைகளுக்குச் சேர்த்து ஹாம்ஸ்ட்ரிங் என்று பெயர். முழங்காலை மடக்குவதும் தொடையைப் பின்னுக்கு இழுப்பதும் இவற்றின் வேலை. தொழில்முறைக் கால்பந்தில் மிக அதிகமாகக் காயப்படும் தசைகள் இவைதான்.

பெரும்பாலும் யாரும் மோதாமலே இது நேர்கிறது. முழு வேக ஓட்டத்தில் கால் முன்னால் வீசப்படுகிறது. பாதம் தரையைத் தொடுமுன் அந்த வீச்சை அடக்க வேண்டியது ஹாம்ஸ்ட்ரிங். அது நீண்டுகொண்டே இறுக வேண்டும். அந்த வேலை எவ்வளவு கடினம் என்பது செஞ்சிக் கோட்டைக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். அங்குள்ள சுமார் 800 அடி உயர ராஜகிரிக் குன்றில் ஏறும்போது மூச்சு வாங்கும். மறுநாள் முன்தொடை வலிப்பதோ பெரும்பாலும் இறங்கியதால்தான். ஒவ்வொரு படியிலும் முன்தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. ஓடுபவரின் பின்தொடைக்கு அதே வேலை நொடியின் சிறு பகுதிக்குள் வந்து சேர்கிறது.

ஐரோப்பிய முன்னணி அணிகளின் காயங்களை ஆய்வாளர் யான் எக்ஸ்ட்ராண்டின் குழு 2001 முதல் பதிவு செய்துவருகிறது. அதன்படி, 2001-02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த ஹாம்ஸ்ட்ரிங் காயம் 2021-22இல் 24 சதவீதமானது. ஆட்டத்தின் வேகம் கூடியதும், ஓய்வில்லாத ஆட்ட அட்டவணையும் காரணமாகக் கருதப்படுகின்றன.

ஒருமுறை கிழிந்தது மறுபடியும் கிழிவதுதான் பெரிய ஆபத்து. மான்செஸ்டர் சிட்டியின் கெவின் டி புருய்னே 2023 ஜூன் 10 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் பாதியிலேயே இந்தக் காயத்தால் வெளியேறினார். ஆகஸ்டில் பர்ன்லி அணிக்கு எதிராக மீண்டும் அதே தொல்லை. அறுவை சிகிச்சை முடிந்து களமிறங்க 2024 ஜனவரி ஆயிற்று. அறுவை சிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படாது. பலருக்குப் படிப்படியான பயிற்சியே போதும். ஆனால் வலி முதலில் போய்விடும், வலு பிறகுதான் வரும். இந்த இடைவெளியில் அவசரப்படுபவர்களே மறுபடியும் விழுகிறார்கள்.

தடுப்பு வழி வியக்கத்தக்க அளவு எளியது. ஒருவர் மண்டியிட, இன்னொருவர் அவருடைய கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். மண்டியிட்டவர் இடுப்பை மடக்காமல், முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்ந்து, கடைசியில் கைகளை ஊன்றுகிறார். நார்டிக் பயிற்சி எனப்படும் இதை 942 டென்மார்க் வீரர்களிடம் சோதித்து 2011இல் வெளியான ஆய்வில், பயிற்சி செய்தவர்களிடம் புதிய காயங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. அப்படியிருந்தும் ஐரோப்பாவின் பெரிய அணிகளில் பல இதை முழுமையாகச் செய்வதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

எடுத்த எடுப்பில் அதிகம் செய்தால் தொடை கடுமையாக வலிக்கும். டென்மார்க் வீரர்கள் முதல் வாரம் ஒரு நாள் மட்டும், 5 முறை வீதம் இரண்டு சுற்றுகளோடு தொடங்கி, மூன்றாம் வாரத்தில்தான் வாரத்துக்கு மூன்று நாளாக்கினார்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். செஞ்சியின் எந்த விளையாட்டுத் திடலிலும் இரண்டு பேர் சேர்ந்தால் செய்யலாம்.