வட்டியில்லா வீடு

வாடகை வீட்டில் வளரும் குழந்தைகள் பதினோராம் மாதத்தை நன்கு அறிவர். அப்போது ஒப்பந்தம் முடியும். வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துவார். கட்டுப்படியாகாவிடில் பாத்திர பண்டங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வேறொரு தெருவுக்குக் குடிபெயர வேண்டும். தெரு மாறினால் சில வேளைகளில் பள்ளியும் மாறும். ஏழைக் குடும்பங்களில் வீட்டுக் கவலையும் படிப்புக் கவலையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது இதனால்தான்.

இக்கவலையைத் தீர்க்க முற்பட்ட அமைப்புகளுள் ஒன்று 'ஹேபிடட் பார் ஹியூமானிட்டி' என்னும் கிறித்தவத் தொண்டு நிறுவனம். 'மானுடத்தின் உறைவிடம்' என்று அதன் பெயருக்குப் பொருள் கூறலாம். அதன் கதை ஓர் அமெரிக்கப் பண்ணையில் தொடங்குகிறது.

ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே 1942ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் ஜோர்டன் என்பவர் நண்பர்களுடன் ஒரு பண்ணையை நிறுவினார். அவர் வேளாண்மை பயின்றவர். விவிலியத்தின் கிரேக்க மொழியிலும் வல்லவர். பண்ணைக்கு அவர் இட்ட 'கொயினோனியா' என்னும் பெயரும் கிரேக்கச் சொல்லே. தோழமை என்பது அதன் பொருள். அங்கே வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக உழுதனர். ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். அக்காலத்தில் அது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. 1950களில் ஊர்க் கடைக்காரர்கள் அப்பண்ணைக்குப் பொருள் விற்க மறுத்தனர். துப்பாக்கிச் சூடு நடந்தது. சாலையோரத்தில் பண்ணையார் நடத்திய கடை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. உள்ளூரில் விற்க வழியின்றித் தம் தோட்டத்துக் கொட்டைகளை அஞ்சல் வழியே தொலைதூர மக்களுக்கு விற்று அவர்கள் பிழைத்தனர்.

அப்பண்ணைக்கு 1965இல் ஒரு விருந்தினர் வந்தார். அவர் பெயர் மில்லார்ட் புல்லர். வழக்கறிஞராகவும் வணிகராகவும் விளங்கி, முப்பது வயதாகும் முன்பே கோடீசுவரர் ஆனவர் அவர். ஆனால் பொருள் சேர்க்கும் ஓட்டத்தில் அவருடைய குடும்பமே உடையும் நிலைக்கு வந்திருந்தது. அவரும் அவர் மனைவி லிண்டாவும் சொத்துகளை விற்று அறப்பணிகளுக்கு வழங்கிவிட்டு, புதிய வாழ்க்கையைத் தேடிப் புறப்பட்டிருந்தனர்.

பண்ணையைச் சுற்றி வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் பல, மழைக்கு ஒழுகும் மரக்குடிசைகளில் இருந்தன. அவர்களுக்கு எந்த வங்கியும் கடன் தராது. ஏழைக்கு வேண்டுவது தானமன்று, தொழிலுக்கும் வீட்டுக்குமான முதலே என்பது ஜோர்டனின் எண்ணம். அதனின்று ஒரு திட்டம் பிறந்தது. நன்கொடைகளைச் சேர்த்து ஒரு பொதுநிதி அமைப்பது. அதைக் கொண்டு இலாபமின்றி வீடு கட்டுவது. வீட்டின் விலையைக் குடியேறும் குடும்பத்திடம் வட்டியின்றித் தவணையாகப் பெறுவது. திரும்பி வரும் பணம் மீண்டும் பொதுநிதியில் சேர்ந்து, அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குச் செங்கல்லாகும். முதல் வீடு முடியும் முன்பே, 1969இல், ஜோர்டன் இறந்துபோனார்.

வட்டியில்லாமை அத்துணை பெரிய உதவியா? ஒரு கணக்கு இதனை விளக்கும். ஓர் இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுத் தவணைக்குக் கடன் வாங்கினால், மாதந்தோறும் ஏறத்தாழ 965 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் செலுத்திய மொத்தத் தொகை 2,31,000 ரூபாயைத் தாண்டும். வட்டியில்லையேல் மாதத்துக்கு 417 ரூபாய் போதும். மிஞ்சும் பணம் புத்தகமாகலாம், பள்ளிச் சீருடையாகலாம். கந்துவட்டிக் கொடுமையைக் கேட்டறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்கலாகாது என்பது விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள விதி. திருக்குரானும் வட்டியை விலக்குகிறது.

வீடு பெறுவோர் வெறுங்கையோடு காத்திருப்பதில்லை. தம் வீட்டுக்காகவும் பிறர் வீட்டுக்காகவும் பல நூறு மணிநேரம் அவர்களே உழைக்க வேண்டும். மண் சுமந்தவர் தம் வீட்டுச் சுவரை இரவலாக எண்ணார். அவர்களுடைய சமயம் எது என்றும் நிறுவனம் பார்ப்பதில்லை.

புல்லர் இணையர் 1973இல் ஆப்பிரிக்காவின் ஜைர் நாட்டுக்குச் சென்று, மூன்றாண்டுகள் அங்கும் இம்முறையில் வீடுகள் கட்டினர். திரும்பி வந்து 1976இல் நிறுவனத்தைத் தொடங்கினர். அமெரிக்கஸுக்கு அண்மையிலுள்ள பிளெயின்ஸ் என்னும் ஊரைச் சேர்ந்தவர் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர். அவர் தச்சு வேலையில் தேர்ந்தவர். 1984இல் அவர் தொண்டர்களோடு பேருந்தில் நியூயார்க் சென்று, பாழடைந்த கட்டடம் ஒன்றைச் செப்பனிடும் வேலையில் இறங்கினார். அதன் பின்னரே உலகம் இந்நிறுவனத்தைத் திரும்பிப் பார்த்தது எனலாம். எனினும் நிறுவியவரின் பிற்காலம் இனிதாக அமையவில்லை. நிருவாகக் குழுவோடு ஏற்பட்ட பிணக்கினால் 2005இல் புல்லர் விலக்கப்பட்டார். மனம் தளராமல் அவர் வேறோர் அமைப்பைத் தொடங்கி, 2009இல் இறக்கும்வரை வீட்டுப் பணியையே செய்தார்.

இந்தியாவில் இப்பணி 1983இல் கம்மம் நகரில் தொடங்கியது. நாட்டுக்கு நாடு முறைகள் இன்று வேறுபடுகின்றன. ஆழிப்பேரலை போன்ற பேரிடர்களில் உடைமை இழந்தவரிடம் தவணை கேட்பது பொருந்தாது அல்லவா? 2004ஆம் ஆண்டின் பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையிலும் இந்நிறுவனம் வீடுகள் கட்டியது. பள்ளிகளில் கழிப்பறை அமைக்கும் பணியையும் மேற்கொண்டது. கழிப்பறை இல்லாத பள்ளியிலிருந்து முதலில் நின்றுவிடுவோர் பெரும்பாலும் பெண் குழந்தைகளே.

2006ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், எண்பத்திரண்டு வயதான கார்ட்டர் மனைவியுடன் மகாராட்டிரத்திலுள்ள மளவ்லி என்னும் ஊருக்கு வந்தார். பல நாடுகளிலிருந்து வந்த தொண்டர்களும், வீடு பெறவிருந்த குடும்பங்களும் அவரோடு சேர்ந்து செங்கல் அடுக்கினர். நூறு குடும்பங்களுக்கான வீடுகள் அங்கே எழுந்தன. கோடை விடுமுறைக்கு மும்பையிலிருந்து சென்னை செல்லும் தொடர்வண்டி, லோனாவாலாவைத் தாண்டியதும் அவ்வூரின் சிறிய நிலையத்தைக் கடந்துதான் புனே நோக்கிப் போகிறது.